என் தங்கையின் கல்யாணம் உண்மைதான் என்று எழுதிக் கொடுத்தேன்

நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். கார், லாரி, ஆட்டோ எது எங்கே மோதினாலும் போய்ப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடித்து, சேதத்தை மதிப்பிட்டு ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. செங்கோட்டை மலைப்பாதையில் கவிழும் மர லாரிகளும், புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் போகும் வண்டிகளும், குற்றால சீசனில் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் வெளியூர்க் கார்களும்தான் இருபது வருடத்துக்கும் மேலாக எனக்குச் சோறு போடுகின்றன. ஒரு நசுங்கலை விரலால் தடவிப் பார்த்தே அது பழையதா புதியதா என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் சொந்தத் தங்கையின் கல்யாணம் உண்மையானதுதான் என்று ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு எழுதித் தர வேண்டி வந்தபோது எனக்கு உருப்படியாக ஒரு வரிகூட எழுத வரவில்லை.

தங்கை மேலகரத்தில் எங்கள் அப்பா அம்மா இருந்த வீட்டில் தனியாக இருந்தாள். நான் இரண்டு தெரு தள்ளி. அவள் பார்மசி படித்தவள். குற்றாலம் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை. முதல் கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பதினாலு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னாள்.

"அண்ணே, நான் கல்யாணம் பண்ணிக்கிடலாம்னு இருக்கேன்."

"ஆளு யாரு?"

"செங்கோட்டைக்காரரு. கனடாவுல இருக்காரு."

"நல்ல மனுசனா?"

"ஆமா."

நான் விசாரித்தது அவ்வளவுதான். ஒரு ஸ்கூட்டர் கேஸுக்குக்கூட இதைவிட அதிகமாகக் கேள்வி கேட்பேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. அவள் வயதுக்கு அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளை ஐம்பத்தொரு வயது வரை கல்யாணமே செய்யாதவர். அங்கே ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார் என்றார்கள். பத்தொன்பது நாள் லீவில் வந்தார். ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மொத்தம் பதினோரு பேர். சாட்சி என்று இருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது, மலையில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்று. சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

அவர் திரும்பிப் போய் மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டார். அதன் பிறகு நான் அதை மறந்தே போனேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"இதப் படி."

கனடா குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த மரியாதையான கடிதம். ஆனால் விஷயம் ஒன்றுதான்: உங்கள் திருமணம் உண்மையானது என்று எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை. கல்யாணத்துக்குப் பெரிய கூட்டம் இல்லை. இருவரும் சேர்ந்து இருந்த நாட்கள் மிகக் குறைவு. சேர்ந்து எடுத்த படங்கள் போதவில்லை. முப்பது நாளைக்குள் மேலும் ஆதாரம் அனுப்புங்கள், உங்கள் உறவை நேரில் அறிந்த குடும்பத்தினரின் வாக்குமூலமும் அனுப்பலாம்.

"படம் ஏன் இல்ல? குத்தாலத்துக்குப் போனீங்கள்லா?" என்று கேட்டாள் என் மனைவி.

"போனோம் மதினி. ஐந்தருவில பொம்பளைங்க பக்கம் வேற, ஆம்பளைங்க பக்கம் வேற. நான் குளிக்கும்போது அவரு துணியப் பாத்துக்கிட்டு நின்னாரு, அவரு குளிக்கும்போது நான் நின்னேன். அவரு தனியா ஒரு படம், நான் தனியா ஒரு படம். ரெண்டு பேரும் சேந்து எங்கன எடுக்க?"

மனைவி சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீதான் ரிப்போர்ட் எழுதுதவன்லா. எழுதிக் குடு" என்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். மேற்படி நபர்களை எனக்கு நேரடியாகத் தெரியும், மேற்படி திருமணத்தின்போது நான் நேரில் இருந்தேன், ஆவணங்களைப் பரிசீலித்ததில் அனைத்தும் சரியாக உள்ளன என்று போயிற்று அது. தங்கை படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"பாலத்துல இடிச்ச லாரிக்கு எழுதுன மாதிரி இருக்கு. நீ கண்ணால பாத்தத எழுதுண்ணே."

"நான் என்னத்தப் பாத்தேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதேட்டி."

"அப்பம் வந்து கேளு. ஒங்கிட்ட மறைச்சா வச்சிருக்கேன்? நீ கேக்கவே இல்லியே."

எனக்குச் சுருக்கென்றது. அதே சமயம் வேறொன்றும் உள்ளே அசைந்தது. ஒரு வண்டி எப்படி அந்தப் பள்ளத்துக்குப் போனது என்று தெரியாதவரை எனக்குத் தூக்கம் வராது. அந்த அரிப்புதான் இது. என் தங்கை இந்த மனிதரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தாள்?

மறுநாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் கடைக்குப் போனேன். சீசன் ஆரம்பித்திருந்தது. வெளியே சாரல். சளி மாத்திரையும் வலித் தைலமும் எடுத்து முன்வரிசையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

அவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் லீவில் வந்திருந்த சமயம். யாரையோ பார்க்க மேலகரம் வந்தவர், போகிற வழியில் இரண்டு மருந்துச் சீட்டுகளோடு கடைக்குள் நுழைந்திருக்கிறார். ஒன்று தென்காசி டாக்டர் எழுதியது, இன்னொன்று திருநெல்வேலியில் எழுதியது. இரண்டிலும் பிரஷர் மாத்திரை இருந்தது. பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. இவள் ஒன்றை மட்டும் கொடுத்திருக்கிறாள்.

"சீட்டுல எழுதுனதக் குடுங்கன்னு சத்தம் போட்டாரு. நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். ரெண்டையும் சேத்து முழுங்குனா ஒங்கப்பா எந்திரிக்கும்போது கிறுகிறுன்னு வந்து கீழ விழுவாரு, டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்கன்னேன். ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு."

"அப்புறம்?"

"மறுநாள் ஒரு பெரிய பை நெறைய மருந்தத் தூக்கிட்டு வந்தாரு. அப்பா ஏற்கெனவே ரெண்டு தடவ விழுந்துட்டாராம். எத எப்பம் குடுக்கணும்னு எழுதித் தாங்கன்னாரு. எழுதிக் குடுத்தேன்."

அவர் கனடா போன பிறகும் போன் வந்திருக்கிறது. அப்பாவைக் கவனித்துக்கொண்டது அவருடைய அக்கா. மாத்திரை மாறிப்போனால் அக்கா தம்பியைக் கூப்பிடுவாள், தம்பி இவளைக் கூப்பிடுவார். எட்டு மாதம். பிறகு அப்பா காலமாகிவிட்டார்.

"அதோட முடிஞ்சிருக்கணும்லா? அப்புறம் என்னத்தப் பேசுனீங்க?"

அவள் தைலக் குப்பிகளின் முகத்தையெல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தாள். "பழக்கம் விட்டுப் போகல" என்றாள்.

"கல்யாணத்தப் பத்தி மொதல்ல யாரு கேட்டா?"

"நான்தான்."

நான் எதிர்பார்க்கவே இல்லை. சின்ன வயதில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள்.

"இப்படியே போன்லயே இருக்கப் போறோமா, இல்ல என்னன்னு கேட்டேன். கையில இருந்தத அவரு கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு. அப்புறம், லீவு போடுதேன்னாரு."

இதைக் கேட்ட பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. தொழில் புத்தி. ஐம்பத்தொரு வயது வரை ஒரு மனிதர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தார்? அதே வாரம் செங்கோட்டையில் ஒரு வேன் கேஸ் இருந்தது. அதை முடித்துவிட்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போனேன். கல்யாணத்தன்று ஒரு வணக்கம் சொன்னதோடு சரி, அந்த அம்மாவிடம் நான் பேசியதே இல்லை. வாசலில் என்னைக் கண்டதும் பதறிவிட்டார்.

"என்ன தம்பி, விசா இல்லைன்னுட்டானா?"

"அதெல்லாம் இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பின்ன உள்ள வாங்க. சாயா குடிக்கியளா?"

சாயா குடித்து முடித்து, சுற்றி வளைத்துக் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவனுக்குப் பேச்சே வராது தம்பி. நாலு எடத்துல பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனேன். போவான், குடுத்த போண்டாவத் தின்பான், வந்துருவான். ஒரு வார்த்த கேக்க மாட்டான். மாப்பிள ஊமையான்னு ஒரு வீட்டுல கேட்டே போட்டாவ. அப்புறம் வெளிநாடு போயிட்டான், நானும் விட்டுட்டேன்."

"என் தங்கச்சிட்ட மட்டும் எப்படிப் பேசுதாரு?"

"அதான் எனக்கும் தெரியல. முன்னெல்லாம் எனக்குப் போன் பண்ணுனா சாப்டியா, மருந்து குடிச்சியா, வச்சிருதேன். இப்பம் ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா ஒங்க தங்கச்சி கடைக்கத தான். மேலகரத்துல யாருக்கு மூட்டுவலி கொறைஞ்சிருக்கு, யாரு இருமல் மருந்த ருசிக்காகக் குடிக்கா, எல்லாம் கனடாவுல இருக்கவன் எனக்குச் சொல்லுதான். நான் இந்தா இங்கன இருக்கேன், எனக்குத் தெரியல."

திரும்பி வரும்போது பைக்கில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். ஆனால் எழுதுவதற்கு இன்னும் ஒன்று குறைந்தது. இதெல்லாம் கேட்டது. நான் கண்ணால் பார்த்தது எது?

புதன்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கடையிலிருந்து ஏழு மணிக்கு வந்துவிடுவாள். ஏழரைக்கு அவர் கூப்பிடுவார். அங்கே அப்போது காலை. நான் சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

போன் அடித்தது. எடுத்தாள். உப்புச் சாடியில் சாய்த்து வைத்தாள். திரையில் ஒரு சமையலறை தெரிந்தது. அவர் முதுகு தெரிந்தது. ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தார். இவள் இந்தப் பக்கம் சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். நான் காத்திருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஐந்து நிமிடம் போயிற்று. குழாயைத் திறந்தார், மூடினார். இவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். இன்னும் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"நேத்து அந்த மூட்டுவலிக்காரரு வந்தாரா?" என்று கேட்டார் அவர், திரும்பாமலே.

"வரல. மகன் வந்து வாங்கிட்டுப் போனான்."

நாலு சப்பாத்தி ஆயிற்று.

"வேலைக்குப் போடுத தொப்பிய எடுத்து வச்சாச்சா?" இவளும் திரும்பவில்லை.

"கதவுல மாட்டியிருக்கேன்."

அவர்கள் இருவரும் போனில் பேசிய நேரப் பட்டியலை விண்ணப்பத்தோடு அச்செடுத்து அனுப்பியிருந்தார்கள். நானும் அதைப் பார்த்திருந்தேன். தினமும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று அழைப்புகள் மட்டும் வரிசையாக இருக்கும், நடுவில் எழுதி அனுப்பிய செய்தி என்று ஒரு வரி இருக்காது. ஒருவேளை அதிகாரிக்கு அதுதான் விளங்கவில்லையோ என்னவோ. எனக்கும் அன்று உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. அவர்கள் போனில் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சமையலறையில் இருந்தார்கள்.

"அண்ணன் வந்திருக்கான். ஒங்கள்ட்ட என்னமோ கேக்கணுமாம்" என்று தங்கை போனை என் பக்கம் திருப்பினாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நேராக நின்றார். ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

"சொல்லுங்க மச்சான்."

மருந்துச் சீட்டுக் கதையைக் கேட்டேன். தங்கை சொன்னதேதான், ஆனால் அவர் வழியில். தான் சத்தம் போடவில்லை, கொஞ்சம் கடுமையாகக் கேட்டதோடு சரி என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு பேர் ஒரே கதையை ஒரே வார்த்தையில் சொன்னால் நான் நம்ப மாட்டேன். உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். உண்மையான விபத்தில் இரண்டு டிரைவர்கள் சொல்வதும் கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும்.

கடைசியாகக் கேட்டேன். "கல்யாணத்தப் பத்தி மொதல்ல கேட்டது யாரு?"

"நான்தான் மச்சான்."

அடுப்புப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"அவ, தான்தான் கேட்டேன்னுல்லா சொன்னா?"

"அவ கேட்டது அதுக்கு மூணு வாரம் கழிச்சு. நான் முன்னாடியே கேட்டுட்டேன். ஆனிக் கடைசியில ஒரு நாள், அங்க சரியான மழை. கட்டிக்கிடுதியான்னு கேட்டேன். பதில் சொல்லல. லைன் போயிருச்சு."

தங்கை கரண்டியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "எனக்குக் கேக்கவே இல்ல. அன்னைக்குக் காத்துல கரண்டு போய், டவரும் போயி, மறுநாள் மத்தியானம் வரைக்கும் போனே இல்ல."

"எனக்குத் தெரியாதுல்லா? நீ கேட்டுட்டுத்தான் பேசாம வச்சுட்டேன்னு நெனச்சேன்."

"மறுநாள் கூப்பிட்டீங்களே. ஒண்ணும் கேக்கலியே?"

"எப்படித் திரும்பக் கேக்க? பிடிக்கலன்னா விட்டுரணும்லா. பேச்சையாவது விடாம இருக்காளேன்னு இருந்தேன். அப்புறம் நீயாக் கேட்டே. மூணு வாரமா யோசிச்சிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

"இத ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"நீ கேக்கலியே."

நான் நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்தி எழுந்தேன். அவர்கள் இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மூன்று வாரம், தினமும் ஏழரை மணிக்கு, மறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதர் அவள் கடைக்கு வந்தவர்களின் மூட்டுவலியை விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். சப்பாத்தி தீயும் வாடை வந்தது. நானே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நமக்கு இப்படி ஒருத்தன் எழுதிக் கேட்டா யாரு எழுதுவா? என்னத்த எழுதுவா?"

"நமக்கு எதுக்குக் கேக்கான்? ஆயிரம் பேரு சாப்பிட்ட கல்யாணம். ரெண்டு ஆல்பம் இருக்கு."

"அது கல்யாணத்துக்குச் சாட்சி" என்றுவிட்டு எழுந்து போனாள். அதை நான் அவளிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இரண்டாவது கடிதத்தை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. திருமணத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனதையும், ஒரு வருடம் எதுவும் கேட்காமல் இருந்ததையும் முதலில் எழுதினேன். சாட்சி சொல்கிறவனின் யோக்கியதையும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும். பிறகு மருந்துச் சீட்டு. ஐந்தருவியில் ஏன் சேர்ந்து படம் எடுக்க முடியவில்லை என்பது. அக்கா சொன்ன போண்டாக் கதை. உப்புச் சாடி, தொப்பி, நாலு சப்பாத்திக்கு இடையில் பேசிய இரண்டு வார்த்தை. மூன்று வாரக் கதையை இருவரிடமும் அனுமதி கேட்டுத்தான் சேர்த்தேன்.

தென்காசியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரி வக்கீல், எனக்குப் பழக்கமானவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தார்.

"அண்ணாச்சி, இதுல சட்டப்பாயிண்ட்டு ஒண்ணும் இல்லியே."

"பாத்தத எழுதியிருக்கேன் சார்."

"அவரு மொதத் தடவை கேட்டது அந்தப் பொண்ணு காதுல விழலைங்கது நெஜமாவே நடந்ததா?"

"ரெண்டு பேரும் என் முன்னாலதான் கண்டுபிடிச்சாங்க."

சீல் குத்தினார். குத்திவிட்டு, முதல் பக்கத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

அனுப்பிய பிறகு ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் அதிகாரி ஒருவர் தங்கையைப் போனில் கூப்பிட்டு இருபது நிமிடம் கேள்வி கேட்டார். கணவரின் வேலை நேரம் என்ன, அவர் வீட்டில் யார் யார், எதற்காக அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றெல்லாம். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"தப்ப எடுத்துச் சொன்னா, மறுநாள் திரும்பி வந்து கேக்குத மனுசன்னு சொன்னேன்."

மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது. என் கடிதத்தை யாராவது படித்தார்களா, படித்து என்ன நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான் எழுதிய ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளில் முடிவு என்ன ஆயிற்று என்று அறிய ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

திருவனந்தபுரத்தில் விமானம். செங்கோட்டை தாண்டி மலையேறிப் போனோம், நான் ஓட்ட, பின்னால் தங்கையும் என் மனைவியும். தங்கை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வழியெல்லாம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள், எங்களையல்ல, தன்னையே. பனியில் நடக்க எந்தச் செருப்பு? பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முதலில் யார் பேச வேண்டும்? ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்பது மறந்தே போயிருக்குமோ?

"பயமா இருக்காட்டி?" என்று கேட்டேன்.

"பயம் இல்லண்ணே. எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்."

உள்ளே போகும் வாசலில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ காதில் சொன்னாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று மனைவியிடம் கேட்டேன். சொல்லவில்லை.

இப்போது அங்கே ஒரு மருந்துக்கடையில் பொருட்களை அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. மருந்து எடுத்துக் கொடுக்கப் பரீட்சை எழுத வேண்டுமாம், படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி இருந்தபோது மாதத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். இப்போது வாரம் இரண்டு தடவை கூப்பிடுகிறாள். போன வாரம், அங்கே எது உனக்கு ரொம்பப் புதுசாக இருக்கிறது என்று கேட்டேன். குளிர் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இங்கன கடைக்கு வாரவங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்கண்ணே. ஒடம்புக்கு என்னன்னு நான் கேக்கவும் கூடாதாம். பரீட்ச பாஸ் பண்ணுனாத்தான் கேக்கலாமாம்."

"அது வரைக்கும் ஒனக்குப் பொழுது எப்படிப் போகும்?"

"அவரு ஆலையில வேல பாக்கவங்களப் பத்தி அவருகிட்டக் கேக்கேன். ஒருத்தருக்கு முதுகு வலியாம். என்னன்னு சரியாக் கேட்டுட்டு வாங்கன்னு இன்னைக்கு அனுப்பியிருக்கேன்" என்றாள்.